மூக்கு கருப்பா, சிவப்பா? மொரீஷியஸில் காத்தோ வேரை அடையாளம் காண்பது எப்படி

நவம்பர் பிறந்து லிச்சி சிவக்க ஆரம்பித்ததும் எங்கள் கோவில் வாட்ஸாப் குழுவில் அந்தப் படம் வந்துவிடும். மரத்தில் ஒரு பச்சைக்கிளி, கழுத்தில் ரோஸ் நிற வளையம், கீழே "எங்க வீட்டு மரத்துல காத்தோ வேர்!" என்று ஒரு வரி. (இந்தத் தீவுக்கே உரிய அரிய கிளியின் பெயர் அது.) உடனே இருபது கும்பிடு, முப்பது இதயம். அப்புறம் நான் போய், "மன்னிச்சுக்குங்க, இது காத்தோ வேர் இல்லை, சாதாரண செந்தார்க் கிளி" என்று எழுதுவேன். குழு அப்படியே அமைதியாகிவிடும். பாயசத்தில் உப்பைப் போட்டவளைப் பார்ப்பது போல மறுநாள் கோவிலில் என்னைப் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு வருஷமும் இந்தக் கெட்ட பெயர் எடுக்க எனக்கு அலுத்துவிட்டது. அதனால் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு நீங்களே பார்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பறவை ஆராய்ச்சி படித்தவள் இல்லை. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே கார்த் போர்னுக்கு வந்து சேர்ந்தவள். எங்கள் ஊர்த் தென்னை மரத்துப் பொந்தில் கீச்சிட்ட அதே கிளி இங்கேயும் மின்கம்பியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து முதல் மாதம் அழுதிருக்கிறேன், சந்தோஷத்தில்தான். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, பச்சையாக இறக்கை அடித்தால் எல்லாமே "காத்தோ". கிரியோலில் கிளி என்றால் காத்தோ, பச்சை என்றால் வேர், அவ்வளவுதானே என்பார். ஆனால் காத்தோ வேர் என்று காட்டுக்காரர்கள் சொல்வது ஒரே ஒரு கிளியை. ஆங்கிலத்தில் எக்கோ கிளி. உலகத்தில் வேறு எங்கேயும் இல்லாத, இந்தத் தீவில் மட்டுமே இருக்கிற கிளி.

எதை எதோடு குழப்பிக்கொள்கிறோம்?

இங்கே சுதந்திரமாகப் பறக்கிற பச்சைக்கிளி இரண்டு வகை. ஒன்று காத்தோ வேர், மண்ணின் பறவை. இன்னொன்று நம் தமிழ்நாட்டில் மூலைக்கு மூலை இருக்கிற செந்தார்க் கிளி. தார் என்றால் மாலை, செந்தார் சிவந்த மாலை, கழுத்து வளையத்தை வைத்துக் கொடுத்த அழகான பெயர். அது 1886 வாக்கில் கூண்டிலிருந்து தப்பித்தோ விடப்பட்டோ இங்கே பரவியது. நம் முன்னோர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த அதே காலத்துக் கதை, ஆகவே எனக்கு அதன் மேல் கோபம் எதுவும் கிடையாது. மக்காச்சோளத்தையும் பழத்தையும் நாசம் செய்கிறது என்று தோட்டக்காரர்கள் திட்டுவதில் நியாயமும் இருக்கிறது.

இரண்டும் நெருங்கிய சொந்தம். அக்கா தங்கையைத் தூரத்திலிருந்து பார்த்துக் குழம்புவது போலத்தான் குழம்புகிறோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இவை இரண்டும் இல்லாமல் நீல நிறத்திலோ முழு மஞ்சளிலோ இதே வடிவத்தில் ஒரு கிளியைப் பார்த்தால் அது யாருடைய வீட்டுக் கூண்டையோ விட்டு ஓடிவந்த வளர்ப்புச் செந்தார்க் கிளி. தோளில் கருஞ்சிவப்புத் திட்டு இருந்தால் அது அலெக்சாண்டர் கிளி, அதுவும் கூண்டுக் கேஸ்தான். இவற்றுக்கு இதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

மூக்கு

கிளி என்றாலே நம் மனசில் பவளவாய்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் இருக்கிற கிளியை மரவள்ளி இலையால் கட்டி மூக்குக்கு மாதுளம்பூவை வைக்கிறார்கள். மீனாட்சி கையிலும் சிவந்த மூக்கு. மாங்காயில்கூட கிளிமூக்கு என்று ஒரு ரகம். இப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கருப்பு மூக்கோடு ஒரு பச்சைக்கிளி வந்தால் அது கிளியாகவே தெரிவதில்லை. எனக்குத் தெரியவில்லையே!

பெத்ரேனிலிருந்து மக்காபே போகிற காட்டுப் பாதையில் முதல்முதலாக நடந்தபோது அது நடந்தது. இலவு காத்த கிளி என்பார்களே, அன்றைக்குக் கிளியைக் காத்த ஆளாக நான் நின்றேன். தூறல், காலில் அட்டை ஏறிவிட்டதோ என்று வேறு பயம் (இங்கே அது கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது, டெல்டாக்காரிக்குப் பழைய பயம்). இரண்டு மணிநேரம் கழித்து, தலைக்கு மேல் நான்கைந்து மீட்டரில் ஒரு கிளி வந்து உட்கார்ந்தது. கொழுத்த உடம்பு. ஒரு இலையைக் கிள்ளி, இடது காலில் பிடித்துக்கொண்டு, நாம் முருங்கைக்காயைச் சவைப்பது போல மெதுவாக மென்று, சக்கையைக் கீழே போட்டது. சக்கை என் குடை மேல் விழுந்தது. மூக்கு கருகருவென்று, அடுப்பில் தீய்ந்த தேங்காய்ச் சில்லு போல. "பாவம், ஏதோ நோயாளிக் கிளி" என்று நினைத்துப் படம்கூட எடுக்காமல் அடுத்த மரத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். அது காத்தோ வேர் பெண். அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

ஆகவே முதல் விதி, மற்ற எல்லா விதியையும்விடப் பெரிய விதி: மேல் அலகைப் பாருங்கள். செந்தார்க் கிளியில் ஆணுக்கும் சிவப்பு, பெண்ணுக்கும் சிவப்பு. காத்தோ வேரில் ஆணுக்கு மட்டும் சிவப்பு, பெண்ணுக்கு மேல் அலகு கருப்பு. இந்தத் தீவில் காட்டில் பறக்கிற ஒரு பச்சைக்கிளிக்கு மேல் அலகு கருப்பாக இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை, காத்தோ வேர்தான். மேல் அலகு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கீழ் அலகு செந்தார்க் கிளியிலேயே சிலவற்றுக்குக் கருப்பாக இருக்கும், காத்தோ வேர் ஆணுக்கும் கீழே கருமைதான். கீழ் அலகை வைத்து முடிவு செய்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். கருப்பு மூக்கு என்றால் காத்தோ வேர் என்பது சரி, ஆனால் பெண் என்று சொல்லிவிட முடியாது. குஞ்சு கூட்டை விட்டு வரும்போது ஆண் பெண் இரண்டுக்குமே மூக்கு ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் இரண்டுக்குமே கருத்துப்போகும். பெண்ணுக்கு அப்படியே நின்றுவிடும், ஆணுக்கு வளர்ந்த பிறகு மறுபடி சிவப்பு ஏறும். அதனால் கருமூக்கோடு ஒரு கிளி தனியாக உட்கார்ந்திருந்தால் அது அம்மாவாகவும் இருக்கலாம், மீசை முளைக்காத பையனாகவும் இருக்கலாம். அதே மாதிரி, கோடைக்காலத்தில் வளையமே இல்லாமல் ஆரஞ்சு மூக்கோடு பெரிய கிளியின் பின்னால் கெஞ்சிக்கொண்டு போகிற ஒன்றைப் பார்த்து "பெண் செந்தார்க் கிளி" என்று எழுதிவிடாதீர்கள். கூட இருக்கிற பெரிய கிளியின் மூக்கைப் பாருங்கள். அம்மா கருமூக்கி என்றால் பிள்ளையும் காத்தோ வேர்தான்.

கழுத்து வளையத்தை ஏன் நம்பக் கூடாது

எல்லோரும் முதலில் பார்ப்பது வளையத்தைத்தான், குழப்பம் தொடங்குவதும் அங்கேதான். இரண்டு வகையிலும் வளர்ந்த ஆணுக்குத் தாடையிலிருந்து கன்னத்தை ஒட்டி ஒரு கருப்புப் பட்டை, அதை ஒட்டி ஒரு ரோஸ் பட்டை. இரண்டு வகையிலும் ஆணின் பின்னந்தலையில் இலேசாக நீலம் படர்ந்திருக்கும். இரண்டு வகையிலும் மூக்கு சிவப்பு. ஆகவே "ரோஸ் வளையம் இருந்துச்சுங்க" என்று நீங்கள் என்னிடம் சொன்னால், ஒரு ஆண் கிளியைப் பார்த்திருக்கிறீர்கள் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது.

நல்ல வெளிச்சத்தில், கிளி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால் மட்டும் ஒரு துப்பு கிடைக்கும். செந்தார்க் கிளியின் ரோஸ் பட்டை பிடரியைச் சுற்றி ஒரு மாலை போலவே போகும். காத்தோ வேருக்கு அது பக்கவாட்டில் ஆரம்பித்து, பின்னால் போகப் போக மெலிந்து, நடுவில் சேர்வதற்கு முன்பே கரைந்துவிடும். கொக்கி போடாத அட்டிகை என்று வைத்துக்கொள்ளுங்கள். (பக்கத்து ரீயூனியன் தீவில் ஒரு காலத்தில் இதே இனத்தின் இன்னொரு கிளை இருந்தது, அதற்கு வளையம் முழுச் சுற்றாக இருந்தது என்கிறார்கள். அது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அழிந்துபோனது.)

காத்தோ வேர் பெண்ணுக்கு ரோஸ் கிடையாது. கன்னத்தில் ஒரு கரும்பச்சைக் கோடு, கழுத்துக்குப் பின்னால் கொஞ்சம் மஞ்சள் கலந்த பச்சை, அவ்வளவுதான். செந்தார்க் கிளிப் பெண்ணுக்கும் ரோஸ் இல்லை, கழுத்து கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். இந்த இடத்தில் கழுத்தை வைத்து மல்லுக்கட்டாமல் மூக்குக்குத் திரும்பிவிடுங்கள்.

உடம்பும் வாலும்

மூக்கு தெரியாத தூரம், அல்லது ஆண் கிளி, அப்போது என்ன செய்வது? உடம்பு வாகைப் பாருங்கள். நீளத்தை அளந்தால் இரண்டும் ஏறக்குறைய 40 செ.மீ. பக்கத்தில்தான் வரும், அதனால் "பெருசா இருந்துச்சு" என்பது உதவாது. வித்தியாசம் எங்கே என்றால், செந்தார்க் கிளியின் நீளத்தில் பாதிக்கு மேல் வால். வால் மட்டுமே 25 செ.மீ. வரை போகும், ஊசி போல மெலிந்து, நடு இறகுகளில் நீலம் ஓடும். காத்தோ வேரின் வால் 16-லிருந்து 20 செ.மீ. வரைதான், அகலமாகவும் இருக்கும். எடையில் காத்தோ வேர் 167-லிருந்து 193 கிராம் வரை, செந்தார்க் கிளி 140 கிராமைத் தாண்டுவதே அபூர்வம். அதாவது ஒரே நீளத்துக்குள் ஒன்று உடம்பில் போட்டிருக்கிறது, இன்னொன்று வாலில் போட்டிருக்கிறது.

என் மகள் இதை ஒரே வரியில் முடித்துவிடுவாள்: "அம்மா, ஒண்ணு ஸ்கேல் மாதிரி, இன்னொண்ணு கரண்டி மாதிரி." கிளையில் உட்கார்ந்திருக்கும்போது காத்தோ வேருக்குத் தலை பெரியது, கழுத்து தடிமன், மார்பு புடைத்திருக்கும். செந்தார்க் கிளி ஒடிசல், எப்போதும் எங்கேயோ அவசரமாகப் போக வேண்டும் போல நீட்டிக்கொண்டு உட்காரும்.

ஒரு எச்சரிக்கை. பொந்துக்குள் அடைகாத்த பெண்ணின் வால் இறகு வளைந்தோ நுனி தேய்ந்தோ இருக்கும், இறகு உதிர்க்கும் சமயத்தில் எந்தக் கிளிக்கும் வால் குட்டையாகத் தெரியும். வால் குட்டை என்பதோடு அகலத்தையும் சேர்த்துப் பாருங்கள். நடு இறகு விழுந்த செந்தார்க் கிளியைக் காத்தோ வேர் என்று நானே ஒருமுறை குழுவில் அறிவித்து, பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, சத்தம் போடாமல் அழித்திருக்கிறேன். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் இன்று வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பச்சையிலும் பச்சை உண்டு

காத்தோ வேரின் பச்சை ஆழமானது, மரகதப் பச்சை என்று சொல்லலாம், தலையிலும் முதுகிலும் இன்னும் அழுத்தமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் கொஞ்சம் மஞ்சள் கலக்கும். செந்தார்க் கிளி இளம்பச்சை, புதிதாக நட்ட நாற்றின் பச்சை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

ஆனால் யார் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறார்கள்? மலை மேல் மழை நிற்பதே இல்லை. நனைந்த இறகு எப்போதும் ஒரு படி கருமையாகத் தெரியும், நனைந்த செந்தார்க் கிளி அப்படியே காத்தோ வேர் நிறத்துக்கு வந்துவிடும். இலைக் கூட்டத்துக்குள் உட்கார்ந்தால் இலையின் பச்சை இறகில் அடிக்கும். வானம் பின்னால் இருந்தால் எல்லாமே கருப்பு நிழல். இன்றைய போன் கேமராக்கள் வேறு தாங்களாகவே பச்சையைக் கூட்டி, வாழையிலைக்கு மெருகு போட்டது போலக் காட்டுகின்றன. அதனால் நிறம் துணைச் சாட்சி. மூக்கும் வாலும் சொன்னதை உறுதிப்படுத்த மட்டும் அதைக் கூப்பிடுங்கள்.

இறகு பற்றிப் பேசும்போது ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். கிளிகளுக்கு அலகு-இறகு நோய் என்று ஒரு வைரஸ் நோய் உண்டு. 2000-களின் நடுவில் இங்குள்ள காத்தோ வேர்களையும் அது தாக்கியது. இறகு உதிரும், புதிதாக முளைப்பது கோணலாகவோ குட்டையாகவோ வரும், சில இடம் வெறும் தோலாக நிற்கும். அப்படி ஒன்றைப் பார்த்தால் தலையைக் கவனியுங்கள். தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும் கிளிக்குத் தலையில் இறகு நன்றாகவே இருக்கும், ஏனென்றால் தன் மூக்கு தன் தலைக்கு எட்டாது. தலையிலும் சொட்டை என்றால் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். கிட்டே போகாமல் படம் எடுத்துத் தேசியப் பூங்கா ஆட்களிடம் காட்டுங்கள். வீட்டில் லவ் பேர்ட்ஸ், காக்கடீல் வளர்ப்பவர்கள் கூண்டைச் சுத்தம் செய்த அதே சட்டை செருப்போடு காட்டுக்குள் போக வேண்டாம். இறகுத் தூசியிலும் எச்சத்திலும் அந்த வைரஸ் பரவும்.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

காட்டுக்குள் பெரும்பாலும் முதலில் கேட்கத்தான் செய்யும், பார்ப்பது பிறகு. செந்தார்க் கிளியின் குரல் நமக்குத் தெரிந்ததுதான், கீ... கீ... கீயாக் என்று கூர்மையாக, கூட்டமாக, சாயங்காலம் அடையும் மரத்தில் கல்யாண வீட்டுப் பந்தி போல ஒரே கூச்சல். காத்தோ வேரின் சாதாரணக் குரல் தணிந்தது, தொண்டையிலிருந்து வரும், "ச்சா-ச்சா, ச்சா-ச்சா" என்று இரட்டை இரட்டையாக. வெற்றிலை போட்ட வாயோடு யாரோ கூப்பிடுவது போல எனக்குக் கேட்கும். பயந்தால் மட்டும் சுருதி ஏறி "ச்சீ-ச்சீ-ச்சீ" என்று வேகமாகும், அப்போது செந்தார்க் கிளியோடு குழம்பலாம்.

பெயரைப் பற்றி ஒரு சின்னக் கதை. 1876-ல் ஆல்ஃபிரட் நியூட்டன், எட்வர்ட் நியூட்டன் என்ற சகோதரர்கள் இந்தக் கிளிக்கு எக்கோ என்று பெயர் வைத்தார்கள். எக்கோ என்பது கிரேக்கக் கதையில் எதிரொலியாகிப் போன ஒரு வனதேவதை. அதற்கு முன்பே 1783-ல் போடார்ட் என்பவர் ரீயூனியன் கிளிக்கு வைத்திருந்த லத்தீன் பெயர் எக்குவெஸ், குதிரைவீரன் என்று அர்த்தம், இறகின் நிறம் குதிரைப்படைச் சீருடையை நினைவுபடுத்தியதாம். தேவதையா, சிப்பாயா என்று கேட்டால் அந்த உடம்புக்கு எனக்குச் சிப்பாய்தான் பொருத்தமாகப் படுகிறது.

பறக்கும்போதும் பிரிக்கலாம். செந்தார்க் கிளி வேகமாக, நேர்கோட்டில், இறக்கையைச் சடசடவென்று அடித்து, பின்னால் வால் நூலாக நீள, தலைக்கு மேல் போய்விடும். காத்தோ வேருக்கு இறக்கை அகலம், நுனி கொஞ்சம் உருண்டை, அடிப்பதும் நிதானம். பள்ளத்தாக்கு விளிம்பில் காற்று மேலே ஏறும் இடத்தில் அதன் மேல் லாவகமாக மிதந்து திரும்பும். தனியாக, ஜோடியாக, அதிகம் போனால் சின்னக் கூட்டமாகப் போகும். நாற்பது ஐம்பது கிளிகள் ஒன்றாகப் பறந்தால் கழுத்தை வலிக்க வைத்துக்கொள்ளாதீர்கள், அது மற்றது.

எங்கே நின்று பார்த்தீர்கள்?

போலீஸ் கேள்வி போல இருந்தாலும் பாதி விடை இதில்தான். ரோஸ் ஹில், போர்ட் லூயி, கரும்பு வயல் ஓரம், மின்கம்பி, மொட்டை மாடி, லிச்சித் தோட்டம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செந்தார்க் கிளி. காத்தோ வேர் மரத்தை விட்டு இறங்காது, அதுவும் இந்த மண்ணின் பழைய மரங்கள் இருக்கிற காடு வேண்டும், முட்டையிட வயதான மரத்தின் பொந்து வேண்டும். பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காதான் அதன் கோட்டை. மக்காபே, பெத்ரேன், பிளேன் ஷாம்பாஞ், தெற்கே பெல் ஓம்ப்ர் பக்கக் காடு. 2015 முதல் கிழக்கே பாம்பூ மலைத்தொடரிலும் கொண்டுபோய் விட்டார்கள், அதனால் ஃபெர்னே பக்கம் போகிறவர்களும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

ஒரு காலத்தில் இதெல்லாம் சொல்லவே ஆள் இல்லாத நிலை. 1980-களில் மொத்தமே எட்டிலிருந்து பன்னிரண்டு கிளிகள்தான் தெரிந்தன, அதில் பெண் மூன்று. உலகத்திலேயே அரிய கிளி என்று பெயர். பொந்துகளைச் செப்பனிட்டு, குஞ்சுகளைக் காப்பாற்றி வளர்த்து, உணவுத் தொட்டி வைத்து, மரப்பெட்டிக் கூடு மாட்டி, பறவைகளைக் காக்கும் உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸும் மொரீஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன்காரர்களும் பூங்கா ஊழியர்களும் இழுத்துக்கொண்டு வந்ததில் 2019-ல் 750-ஐத் தாண்டியது. பக்கத்து ரோட்ரிக்ஸ் தீவின் கிளிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, 1875-க்குப் பிறகு அதை யாரும் பிடிக்கவும் இல்லை.

அந்த முயற்சியின் ஒரு மிச்சம் உங்களுக்கு உதவும்: பல காத்தோ வேர்களின் காலில் வண்ண வளையம் மாட்டியிருப்பார்கள். காலில் வளையம் தெரிந்தால் எந்தக் காலில் எந்த நிறம், மேலே எது கீழே எது என்று குறித்துக்கொள்ளுங்கள், அது அந்தக் கிளியின் அடையாள அட்டை. ஒற்றை உலோக வளையத்தை மட்டும் பார்த்துத் துள்ள வேண்டாம், கூண்டிலிருந்து ஓடிவந்த வளர்ப்புக் கிளிக்கும் அது இருக்கும்.

சரி, ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்

கொய்யா பறிக்கக் குடும்பத்தோடு மலைக்குப் போவோமே, அந்தச் சின்னச் சிவப்புச் சீனக் கொய்யா, உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்பது, அந்தப் பயணத்திலேயே இதையும் சேர்த்துக்கொள்ளலாம். (அந்தச் செடிதான் இங்கே காட்டை நெருக்கிக் கொல்கிற களை, ஆகவே மனசாட்சி உறுத்தாமல் பறியுங்கள்.) காலையில் சீக்கிரம், இல்லை என்றால் மதியம் மூன்று மணிக்கு மேல். வெயில் உச்சிக்கு வந்ததும் கிளிகள் இலைக்குள் அமைதியாகிவிடும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நில்லுங்கள், அப்போதுதான் மூக்கின் நிறம் தெரியும். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும், அதற்கு மேல் போனால் கை நடுங்கும். பாட்டுப் பெட்டி வேண்டாம், வேர்க்கடலை போடவும் வேண்டாம். ஆகஸ்டிலிருந்து முட்டை, குஞ்சு என்று அவை வேலையாக இருக்கும், பொந்து தெரிந்தால் அதன் கீழே நின்று செல்ஃபி எடுக்காதீர்கள்.

காத்தோ வேர் அவ்வளவாக மனிதர்களைக் கண்டு பதறாது, அதுவும் தீனி குறைந்த குளிர்காலத்தில் நிதானமாக உட்கார்ந்து உங்களையே வேடிக்கை பார்க்கும். நீங்கள் போனை எடுக்கும் முன்பே பறந்துவிட்டால் அது செந்தார்க் கிளியாக இருக்கலாம் என்று ஒரு குத்துமதிப்பு.

படம் எடுக்கும்போது முகத்துக்கு நேராக எடுக்காதீர்கள். நேர் முகத்தில் எல்லாக் கிளியும் ஒன்றுதான், உருண்டையாக, கோபமாக. பக்கவாட்டில், மூக்கும் வால் நுனியும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுங்கள். வானம் பின்னால் இருந்தால் திரையில் கிளியைத் தொட்டு வெளிச்சத்தை மேலே இழுங்கள், பின்னணி வெளுத்தாலும் பரவாயில்லை, மூக்கு தெரிந்தால் போதும். பறந்து போனதும் மறந்துவிடும் முன் குரலை உங்கள் வாயாலேயே போனில் பதிவு செய்து வையுங்கள். கிளிப்பிள்ளை வேலைதான், ஆனால் வீட்டுக்கு வந்து "எப்படிக் கத்துச்சு?" என்று கேட்டால் ஒருவருக்கும் நினைவிருப்பதில்லை.

போன மாதம் இன்னொரு படம் வந்தது. ரோஸ் ஹில், மாமரம், தூறல், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கிளி, பச்சை நன்றாக அடர்ந்திருந்தது. குழுவில் வழக்கம் போல இதயங்கள். நான் எதுவும் எழுதவில்லை, வேறு படம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருந்தது. பக்கவாட்டில், கொஞ்சம் கலங்கலாக. வால் கிளைக்குக் கீழே ஒரு சாண் தொங்கியது, நூல் மாதிரி. ரோஸ் பட்டை பிடரியில் முழுதாகச் சுற்றியிருந்தது. அனுப்பிய பெரியம்மாவே நான் சொல்வதற்கு முன், "வால் நீளமா இருக்கு, நம்ம ஊர்க் கிளிதான் போல" என்று எழுதிவிட்டார். அவருக்கு மட்டும் நான் ஒரு இதயம் போட்டேன்.

இனிமேல் ரோஸ் வளையம் என்று எனக்கு எழுதாதீர்கள், மூக்கையும் வாலையும் அனுப்புங்கள். ஆனால் ரோஸ் ஹில்லிலோ கார்த் போர்னிலோ உங்கள் மாமரத்தில் கருப்பு மூக்கோடு ஒன்று வந்து உட்கார்ந்தால் படமெல்லாம் அப்புறம், நேராகப் போன் போடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருகிறேன்.